வீட்டு மரத்தரை: கழுவமுதல், தேய்க்கமுதல், மாத்தமுதல்



ஊரில எங்கட வீடுகளுக்குப் பெரும்பாலும் சீமெந்துத் தரை. வெள்ளிக்கிழமை எண்டால் ஒரு வாளி தண்ணியை ஊத்தி, தும்புத்தடியால உரஞ்சி, வாசலால தள்ளிவிட்டால் வேலை முடிஞ்சுது. நோர்வேயில் நாங்கள் நடப்பது மரத்தில். அதே வாளியை இங்கே கவிழ்த்தால், பலகை ஊதி விளிம்புகள் மேலெழும்பும். வாடகை வீடு என்றால் அந்தச் சேதத்துக்கான பணம் உங்கள் வைப்புப் பணத்திலிருந்து கேட்கப்படலாம்.

மோர்டென்ஸ்ருட்டுக்கு நிலக்கீழ் ரயில் 1997 இல் வந்தது. அதை அண்டிய வருடங்களில் இங்கு எழும்பிய தொடர்மாடிகளிலும் வரிசை வீடுகளிலும் எங்கட ஆட்கள் பலர் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் போட்ட தரைகள் இன்னும் மாற்றப்படாமல் இருந்தால் அவற்றுக்கு இப்போது இருபத்தைந்து, முப்பது வயது. “தேய்க்கிறதா, மாத்திறதா, சும்மா விடுறதா?” என்ற கேள்வி வரும் வயது அது.

இந்தப் பாடத்தில் மூன்று கேள்விகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தரை யாருடையது? அது என்ன தரை? அதில் இன்னும் எவ்வளவு மரம் மிச்சம்? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் மெசினை வாடகைக்கு எடுக்க வேண்டாம். பல வீடுகளில் பதிலைக் கண்டுபிடித்த பிறகு, செய்ய வேண்டியது நினைத்ததைவிடக் குறைவு என்று தெரியவரும்.

1. தரை யாருடையது?

வாடகை வீடு: 1999 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தின்படி, வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதம் இல்லாமல் வீட்டில் மாற்றம் செய்ய முடியாது. தரையைத் தேய்ப்பதும், லாக் பூசுவதும், புதுத் தரை போடுவதும் மாற்றந்தான். “நல்லதுக்குத்தானே செய்தனான்” என்பது பிறகு உதவாது. சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ போதும், ஆனால் அழிக்காமல் வைத்திருங்கள்.

குடிபுகும் நாளில் ஒவ்வொரு அறையின் தரையையும் படம் எடுங்கள். கீறல், கறை, ஊதின பலகை எல்லாம் கிட்டவாகவும் தூரவாகவும் தெரிய வேண்டும். படங்களை வீட்டுச் சொந்தக்காரருக்கு அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். வீட்டை விடும்போது, சாதாரண பாவனையால் வந்த தேய்மானத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை. பல வருடம் நடந்து மங்கின லாக் தேய்மானம். பூச்சாடிக்குக் கீழே கறுத்துப்போன வட்டம் சேதம். இந்த வித்தியாசத்தில்தான் தகராறு வருகிறது. வைப்புப் பணம் ஆறு மாத வாடகைக்கு மேல் இருக்கக்கூடாது. அது தனியான வைப்புக் கணக்கில் இருக்க வேண்டும். வீட்டுச் சொந்தக்காரர் தன் விருப்பத்துக்கு அதிலிருந்து எடுக்க முடியாது. உடன்பாடு வராவிட்டால் வாடகைப் பிணக்குச் சபையிடம் (ஹூஸ்லையேத்விஸ்த்உத்வால்கெ) போகலாம்.

பூரெட்ஸ்லாக் வீடு: வீட்டின் உட்பக்கப் பராமரிப்பு பொதுவாக உங்கள் பொறுப்பு, தரையின் மேற்பரப்பும் அதில் அடங்கும். ஆனால் உங்கள் தரை கீழ்வீட்டுக்காரரின் கூரை. தடித்த தரைவிரிப்பை எடுத்துவிட்டு மரத்தரை போட்டால், காலடிச் சத்தம் கீழே கூடுதலாகக் கேட்கும். ஆகவே தரையை மாற்றமுதல் வீட்டு விதிகளை வாசித்து, நிர்வாகசபைக்கு (ஸ்தீரே) எழுதிக் கேளுங்கள். மரத்தரையில் கிரைண்டரையும் உரலையும் நேரே வைக்க வேண்டாம். கீழே தடித்த இறப்பர் விரிப்பு போட்டால் தரையும் தப்பும், அயலும் தப்பும்.

வீடு வாங்குவோர்: 2022 ஜனவரியிலிருந்து வீட்டு விற்பனைச் சட்டம் மாறியுள்ளது. விற்பவர் “உள்ளபடியே விற்கிறேன்” என்ற பொதுவான வசனத்தைப் போட்டுப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. அதற்கு ஈடாக, நிலைமை அறிக்கையில் (தில்ஸ்தான்ஸ்ரப்போர்ட்) தெளிவாக எழுதியிருப்பதை நீங்கள் அறிந்ததாகவே சட்டம் கருதும். ஆகவே தரை பற்றிய பக்கத்தை ஒரு சொல்லும் விடாமல் வாசியுங்கள்.

2. அது என்ன தரை?

நான்கு வகைகளை அடையாளம் காணத் தெரிந்தால் போதும்.

முழுமரப் பலகை (ஹெல்த்ரே): மேலிருந்து கீழ்வரை ஒரே மரம், வழக்கமாக 20 மில்லிமீற்றர் அளவு தடிப்பு. பழைய வீடுகளில் பைன் (ஃபூரு) அல்லது ஸ்புறூஸ் (கிரான்). பல தடவை தேய்க்கலாம்.

பார்க்கெட்: பெரும்பாலும் மூன்று அடுக்கு. மேலே நல்ல மரம், கீழே மலிவான மரம். அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் முழுமரத்தைவிடக் குறைவாக அசையும். சுவீடனைச் சேர்ந்த குஸ்தாவ் ஷேர் 1941 இல் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். மொத்தத் தடிப்பு வழக்கமாக 13 முதல் 15 மில்லிமீற்றர். மேலிருக்கும் நல்ல மரம் 2.5 முதல் 4 மில்லிமீற்றர்தான்.

லமினாட்: இது மரத்தின் படம். அமுக்கின மரநார்ப் பலகையின்மேல் மரம்போல அச்சடித்த தாளும், அதன்மேல் கடினமான படலமும் இருக்கும். சுவீடனின் பெர்ஸ்தோர்ப் நிறுவனம் 1977 இல் கண்டுபிடித்தது. மலிவு, கீறலுக்கும் தாங்கும். ஆனால் ஒருபோதும் தேய்க்க முடியாது. பொருத்துக்குள் தண்ணி போனால் ஊதிவிடும், பிறகு சரிவராது.

வினைல்: பிளாஸ்ரிக். மரம்போல் கோடு இருந்தாலும் மரம் இல்லை. பழைய வீடுகளில் ஒரு எச்சரிக்கை: அஸ்பெஸ்டஸ் நோர்வேயில் 1985 இல்தான் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது. அதற்கு முந்திய வினைல் ஓடுகளிலும் அவற்றின் பசையிலும் அது இருக்கலாம். குரூருட்டாலன் பக்கத்துப் பழைய தொடர்மாடிகளில் இருப்பவர்கள், பழைய வினைலைத் தேய்க்கவோ உடைத்துக் கிளப்பவோ முன்னம் மாதிரியைப் பரிசோதிப்பியுங்கள். அஸ்பெஸ்டஸ் இருந்தால், அனுமதி பெற்ற நிறுவனம் மட்டுமே அகற்ற வேண்டும்.

மரத்தின் கடினமும் முக்கியம். ஊரில முதிரை, பாலை பார்த்த கண்ணுக்கு இங்கத்தைய பைன் மெதுமையான மரம். கதிரைக்கால் பட்டாலே பள்ளம் விழும். ஓக் (ஐக்) பைனைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு கடினம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மண்டபத்துக்கு ஓக், படுக்கையறைக்கு பைன் என்று பிரித்து யோசித்தால் காசும் மிஞ்சும்.

3. மரம் குளிர்காலத்தில் சுருங்கும், கோடையில் விரியும்

குளிர்காலத்தில் வெளிக்காற்றில் ஈரம் மிகக் குறைவு. அதை உள்ளே கொண்டுவந்து சூடாக்கும்போது வீட்டின் ஈரப்பதன் 20 வீதத்துக்கும் கீழே போகலாம். மரம் தன் ஈரத்தைக் காற்றுக்குக் கொடுத்துச் சுருங்குகிறது. 12 சென்ரிமீற்றர் அகலமான பைன் பலகை ஒரு மில்லிமீற்றர் வரை ஒடுங்கக்கூடும். அதனால்தான் தை, மாசி மாதங்களில் பலகைகளுக்கிடையே இடைவெளி தெரிகிறது. ஆடி, ஆவணியில் அது தானாகவே மூடும்.

ஆகவே குளிர்காலத்தில் தெரியும் இடைவெளிக்குள் பட்டி வைத்து அடைக்க வேண்டாம். கோடையில் பலகை விரிய இடமில்லாமல் பட்டி பிதுங்கும், அல்லது பலகை மேலெழும்பும்.

மரத்தரைக்கு ஏற்ற ஈரப்பதன் 30 முதல் 60 வீதம். ஈரப்பதன் காட்டும் சின்னக் கருவி கடைகளில் மலிவாகக் கிடைக்கும். சமையலும் உள்ளே உடுப்புக் காயப்போடுவதும் ஈரத்தைக் கூட்டும். யன்னலில் தண்ணி வடிந்தால் அது கூடிவிட்டது. கொஞ்ச நேரம் நன்றாகத் திறந்து காற்றோட்டம் கொடுங்கள். தரைக்குக் கீழே சூடாக்கும் கம்பி இருந்தால், மரத்தின் மேற்பரப்பு வெப்பம் 27 பாகையைத் தாண்டக்கூடாது. அந்த இடத்தில் தடித்த விரிப்போ, கால் இல்லாத சோபாவோ போட வேண்டாம். வெப்பம் வெளியேற முடியாமல் மரம் வெடிக்கும்.

4. நாளாந்தப் பராமரிப்பு

துப்புரவு வேலை செய்யும் எங்கட உறவுகளுக்கு இது தெரிந்த விசயம். வீட்டிலும் அதையே செய்யுங்கள்.

– முதலில் உலர்ந்த மொப் அல்லது ஸ்தோவ்சூகர். மண் இருக்கும்போது துடைத்தால் அது சாண்ட்பேப்பர்போல் கீறும்.
– பிறகு நன்றாகப் பிழிந்த மொப். துடைத்த இடம் ஒன்றிரண்டு நிமிடத்தில் காய வேண்டும். காயாவிட்டால் தண்ணி கூட.
– நீராவியால் துடைக்கும் மெசின் மரத்துக்கும் லமினாட்டுக்கும் வேண்டாம்.
– குளிர்காலத்தில் வீதியில் போடும் சரளையும் உப்பும் சப்பாத்தோடு வீட்டுக்குள் வரும். சப்பாத்தைக் கழற்றும் பழக்கம் எங்களுக்கும் நோர்வேஜியருக்கும் பொது. வாசலுக்கு வெளியேயும் உள்ளேயும் நல்ல கால்மிதி போட்டால் பாதி வேலை முடிந்தது.
– கதிரை, மேசைக் கால்களுக்குக் கீழே கம்பளித் துண்டு ஒட்டுங்கள். தேங்காய் திருவலையின் காலுக்கும்தான்.
– குத்துவிளக்கைத் தட்டின்மேல் வையுங்கள். சிந்தின எண்ணெய் மரத்தில் ஊறும். பிறகு அந்த இடத்தில் லாக் பிடிக்காது.
– மஞ்சள் சிந்தினால் உடனே துடையுங்கள். லாக் பூசின தரையில் மிஞ்சும் இலேசான மஞ்சள் நிறம் வெயில் பட மங்கும். எண்ணெய் பூசின தரையில் ஆழமாக இறங்கும்.
– ஓக் தரையில் ஈரமான இரும்பு பட்டால் கறுக்கும். பூச்சாடி நிறுத்திகளைக் கவனியுங்கள்.

5. எவ்வளவு மரம் மிச்சம்?

முதலில் தண்ணிச் சோதனை. ஆட்கள் கூட நடக்கும் இடத்தில் ஒரு துளி தண்ணி விட்டுச் சில நிமிடம் பாருங்கள். துளி முத்துப்போல் நின்றால் லாக் நல்லாயிருக்கு. ஒன்றும் செய்ய வேண்டாம். ஊறி மரம் கறுத்தால் லாக் போய்விட்டது.

லாக் மங்கி, ஆனால் இன்னும் மரம் வெளியே தெரியாவிட்டால் அதுதான் சரியான நேரம். முழுத் தரையையும் ஆழமாகத் தேய்க்கத் தேவையில்லை. நன்றாகக் கழுவி உலரவிட்டு, 150 ஆம் இலக்கச் சாண்ட்பேப்பரால் மேலோட்டமாக உரஞ்சி, தூசை எடுத்து, ஒரு பூச்சு லாக் கொடுத்தால் பல வருடம் போகும். இதைக் காலத்தோடு செய்பவர்களுக்குப் பெரிய தேய்ப்பு வருவது குறைவு. முன்னர் மெழுகோ பொலிஷோ போட்ட தரை என்றால் புது லாக் ஒட்டாது. ஒரு மூலையில் பரீட்சித்துப் பாருங்கள்.

மரமே வெளியே தெரிந்து சாம்பல் நிறமாகிவிட்டால் முழுத் தேய்ப்பு வேண்டும். அதற்கு முன்னம் வாசல்படியின் லிஸ்டைக் கழற்றி, அல்லது ஹீற்றர் குழாய் இறங்கும் துளையில், பலகையின் பக்கத்தைப் பாருங்கள். மேலுள்ள நல்ல மரத்தை அளவுகோலால் அளவெடுங்கள். ஒருமுறை தேய்த்தால் அரை முதல் ஒரு மில்லிமீற்றர் வரை போகும். 3.5 மில்லிமீற்றர் இருந்தால் இரண்டு, மூன்று தடவை தாங்கும். 2 மில்லிமீற்றருக்குக் கீழே என்றால் மெசின் வைக்க வேண்டாம்.

6. தேய்க்கும் முறை

மெசின் வாடகைக்குக் கிடைக்கும். இரண்டு தேவை: நடுப்பகுதிக்குப் பெரியது, சுவரோரத்துக்குச் சின்னது. பெரிய மெசினை உங்கள் வீட்டு மின்சுற்று தாங்குமா என்று கடையில் கேளுங்கள். அயலவருக்கு வாசலில் ஒரு அறிவித்தல் ஒட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். கட்டடத்துக்குப் பொதுவான தீ அலாரம் இருந்தால் நிர்வாகசபைக்கு முதலே சொல்லுங்கள். தூசு அலாரத்தை அடிக்கவைக்கும். வீட்டுப் புகை அலாரத்தை மூடினால், வேலை முடிந்த அன்றே திறந்துவிடுங்கள்.

– முழுமரப் பலகையில் ஆணித் தலைகளை இரண்டு, மூன்று மில்லிமீற்றர் உள்ளே தட்டுங்கள். இல்லாவிட்டால் தாள் கிழியும், பொறியும் பறக்கும்.
– இலக்கம் 40 இல் தொடங்கி 60, 80, 100 அல்லது 120 என்று போங்கள். பார்க்கெட் மெல்லிது என்றால் 60 இல் தொடங்கலாம். இடையில் ஒன்றைத் தாண்டினால், முதல் தாளின் கீறல் லாக் பூசின பிறகு பளிச்சென்று தெரியும்.
– பலகையின் நீளவாக்கில் தேய்க்க வேண்டும்.
– உருளை சுற்றும்போது மெசினை ஒரு இடத்தில் நிற்கவிட வேண்டாம். சில விநாடியில் பள்ளம் விழும். நடக்கத் தொடங்கிய பின்னர் உருளையை இறக்குங்கள், நிற்கமுதல் தூக்குங்கள்.
– ஒவ்வொரு தாளுக்கும் பிறகு ஸ்தோவ்சூகரால் தூசு எடுங்கள்.

மரத்தூசு புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியுள்ளது. சாதாரண துணி முகமூடி போதாது. பி2 வகை தேவை. பிள்ளைகளை வேறு வீட்டில் விடுங்கள். மெசினின் தூசுப் பையை இரவில் வீட்டுக்குள் வைக்க வேண்டாம். உள்ளே சூடேறித் தீப்பிடிக்கலாம்.

7. லாக், எண்ணெய், சவர்க்காரம்

லாக்: மரத்தின்மேல் கண்ணாடிபோல் படலம் போடும். கழுவச் சுலபம், பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் சாப்பாட்டு மேசைக்குக் கீழேயும் நல்லது. ஆனால் ஆழமான கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்வது கடினம். நீர்க் கலவை லாக் மணம் குறைந்தது. வழக்கமாக மூன்று பூச்சு. இடையில் ஒருமுறை இலேசாக உரஞ்ச வேண்டும். சில மணித்தியாலத்தில் காலுறையோடு நடக்கலாம், ஆனால் முழுக் கடினம் வர ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கும். அதுவரை தரைவிரிப்பு போட வேண்டாம்.

எண்ணெய்: மரத்துக்குள் ஊறும். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் உரஞ்சித் திரும்பப் பூசலாம். ஆனால் அடிக்கடி கவனிக்க வேண்டும்.

காரமும் சவர்க்காரமும்: பைன் தரை மஞ்சளாகாமல் வெளுப்பாக இருக்க ஸ்கண்டிநேவியாவில் செய்யும் பழைய முறை. காரம் தோலையும் கண்ணையும் எரிக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

இந்தப் பாடத்தில் ஒரு வசனம் மட்டும் ஞாபகம் இருந்தால் இது இருக்கட்டும்: எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் போன்றவை காற்றோடு சேர்ந்து உலரும்போது வெப்பம் உண்டாகும். சுருட்டின துணிக்குள் அந்த வெப்பம் அடைபட்டு, சில மணித்தியாலத்தின் பிறகு, எல்லாரும் நித்திரையாக இருக்கும்போது, நெருப்புக்குச்சி இல்லாமலே பத்தும். துணியைத் தண்ணியில் நனைத்து, மூடி உள்ள தகரப் பேணியில் போட்டு வெளியே வையுங்கள். மிஞ்சின லாக், எண்ணெய், துணி எல்லாம் ஆபத்தான கழிவு. நகராட்சியின் மீள்சுழற்சி நிலையத்தில் கொடுங்கள். கரைப்பான் கலந்த லாக் பூசும் நாளில் சாமி விளக்கும் மெழுகுதிரியும் கற்பூரமும் ஏற்ற வேண்டாம்.

8. புதுத் தரை போடுவதென்றால்

மோர்டென்ஸ்ருட் தேவாலயத்துக்குள் (2002) போனவர்கள் கண்டிருப்பீர்கள்: பாறை தரையினூடாக மேலெழும்பி நிற்கிறது. கட்டடக்கலைஞர்கள் வேண்டுமென்றே விட்டது. எங்கட பார்க்கெட்டுக்கு அது சரிவராது. அடித்தரை சமமாக இருக்க வேண்டும்; 2 மீற்றர் நீளமான நேர்ச் சட்டத்தை வைத்தால் 2, 3 மில்லிமீற்றருக்கு மேல் வெளிச்சம் தெரியக்கூடாது. கொங்கிறீற் மேல் முதலில் 0.2 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக், அதன்மேல் சத்தம் குறைக்கும் விரிப்பு, பிறகு பார்க்கெட். பெட்டிகளைப் பிரிக்காமல் இரண்டு நாள் அந்த அறையிலேயே வைத்திருங்கள். சுவரோரம், குழாயோரம் எல்லாம் 8 முதல் 10 மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். லிஸ்ட் அதை மறைக்கும். குளியலறைக்கு மரம் வேண்டாம்.

9. ஆள் பிடிக்கும்போது

“தெரிந்த ஆள், காசாகக் கொடுத்தால் மலிவு” என்பது எல்லாரும் கேட்ட கதை. பற்றுச்சீட்டு இல்லாத வேலையில் பிழை வந்தால் உங்களுக்குக் கையில் ஆதாரம் இல்லை. 10,000 குரோனருக்கு மேற்பட்ட வேலைக்கு வங்கியூடாகவே பணம் செலுத்துங்கள். அதைக் காசாகக் கொடுத்து, அந்த ஆள் வரி கட்டாவிட்டால், 2011 இலிருந்து அந்த வரிக்கு நீங்களும் பொறுப்பாளியாகலாம்.

– ஒன்பது இலக்க நிறுவன எண்ணைக் கேட்டு, புரொன்னோய்சுண்ட் பதிவேட்டில் இலவசமாகத் தேடிப் பாருங்கள்.
– விலையை எழுத்தில் வாங்குங்கள். 25 வீத விற்பனை வரி அதற்குள் அடங்கியிருக்க வேண்டும்.
– மதிப்பீட்டு விலை தந்திருந்தால், இறுதி விலை அதை 15 வீதத்துக்கு மேல் தாண்டக்கூடாது. இது 1989 ஆம் ஆண்டின் கைவினைச் சேவைச் சட்டம். கூடுதல் வேலைக்கு வேறாக ஒப்பந்தம் செய்திருந்தால் அது வேறு.
– முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்க வேண்டாம். வேலையில் பிழை இருந்தால், அதற்கேற்ற தொகையை நிறுத்திவைக்க உரிமை உண்டு.
– பிழையைக் கண்டதும் தாமதிக்காமல் எழுத்தில் முறையிடுங்கள். கடைசி எல்லை பொதுவாக இரண்டு வருடம். நீண்டகாலம் நிலைக்க வேண்டிய வேலைக்கு ஐந்து வருடம். தீராவிட்டால் நுகர்வோர் மேற்பார்வை நிறுவனம் (ஃபொர்ப்ரூக்கர்தில்சீனே) இலவசமாக மத்தியஸ்தம் செய்யும்.

உங்களைச் சோதித்துப் பாருங்கள்

1. மாசி மாதம் பார்க்கெட்டில் இடைவெளி தெரிகிறது. என்ன செய்வீர்கள்?
2. வாடகை வீட்டின் தரை மங்கிவிட்டது. நீங்களே லாக் பூசலாமா?
3. 30,000 குரோனர் என்று மதிப்பிட்ட வேலைக்கு 38,000 கேட்டு பில் வருகிறது. கூடுதல் வேலை எதுவும் பேசவில்லை. ஆகக் கூடியது எவ்வளவு கட்ட வேண்டும்?

விடைகள்: (1) பட்டி வைக்காமல் கோடைவரை பொறுங்கள், ஈரப்பதனை அளந்து பாருங்கள். (2) எழுத்தில் சம்மதம் இல்லாமல் கூடாது. சாதாரண தேய்மானத்துக்கு நீங்கள் பொறுப்பும் இல்லை. (3) 34,500 குரோனர்.

தரை சம்பந்தமாக வீட்டுச் சொந்தக்காரரிடமிருந்தோ பூரெட்ஸ்லாக்கிடமிருந்தோ கடிதம் வந்து விளங்காவிட்டால், கையெழுத்து வைக்கமுதல், பணம் கட்டமுதல், கடிதத்தையும் குடிபுகும்போது எடுத்த படங்களையும் எடுத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள். சேர்ந்து வாசிப்போம்.